துப்பறிவாளருக்குள் ஒரு பாடகர்

'லா அண்ட் ஆர்டர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பிணத்தைப் பார்த்ததும் வறட்டு நக்கல் ஒன்றை உதிர்ப்பாரே, துப்பறிவாளர் லென்னி பிரிஸ்கோ, நினைவிருக்கிறதா? 1992 முதல் 2004 வரை அந்த வேடத்தில் வந்த ஜெரி ஓர்பாக் அடிப்படையில் மேடைப் பாடகர். எனக்கே இது ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

1960இல் நியூயார்க்கின் ஒரு சின்ன அரங்கில் தொடங்கி, நடிகர்கள் மாறி மாறி 42 வருடம் ஓடிய 'தி ஃபேன்டாஸ்டிக்ஸ்' இசை நாடகத்தில் எல் காயோ என்ற கதாபாத்திரத்தில் முதன்முதலில் நடித்தவர் இவர்தான். 1969இல் 'பிராமிசஸ், பிராமிசஸ்' நாடகத்துக்காக அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது. அப்புறம் 1975இல் 'சிகாகோ' இசை நாடகம். நீதிமன்றத்தையே சர்க்கஸ் கூடாரமாக்கும் வக்கீல் பில்லி ஃபிளின் வேடம். கொலைகாரியைக் காப்பாற்ற ஆடிப்பாடிய அதே ஆள், 17 வருடம் கழித்துக் கொலைகாரர்களைப் பிடிக்கும் போலீஸ்! எந்தக் காஸ்டிங் இயக்குநருக்கு இப்படித் தோன்றியதோ, அவருக்கு ஒரு கும்பிடு.

1991இல் வந்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' கார்ட்டூனில் பிரெஞ்சு வாடையோடு பாடும் மெழுகுவர்த்தித் தாங்கி லுமியேர்? அந்தக் குரலும் இவருடையதே. நம்பாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.

2004 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார். கண்களைத் தானம் செய்திருந்தார். இரண்டு பேருக்குப் பார்வை கிடைத்தது.