பினாங்குக்கு எடுத்துப்போன பழைய புத்தகம்

ஊருக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி எனக்கு ஒரு வியாதி உண்டு. துணிமணியைப் பத்து நிமிஷத்தில் மடித்து வைத்துவிடுவேன்; புத்தக அலமாரி முன்னால் ஒரு மணி நேரம் நிற்பேன். கடைசியில், வாங்கி இரண்டு வருஷமாகியும் அட்டை மடங்காத ஏதாவது ஒரு குண்டுப் புத்தகம் பைக்குள் போகும். இந்தத் தடவையாவது முடித்துவிடலாம் என்று நம்பிக்கை. போன மாதிரியே திரும்பி வரும். தோள்வலிதான் மிச்சம்.

பல வருஷம் இப்படித் தூக்கிச் சுமந்த பிறகுதான் புத்தி வந்தது. பயணத்துக்குப் புதுப் புத்தகம் வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை படித்து, பாதி மறந்துபோன புத்தகம்தான் சரி. அதுவும் போகிற ஊரில் நடக்கிற கதையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

காரணம் ரொம்ப சாதாரணம். ரயிலில் உட்கார்ந்து தொடர்ந்து பத்துப் பக்கம் படிக்க யாரும் விடுவதில்லை. டீக்காரர் வருவார், எதிர் சீட்டுக்காரர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பார், நடு பெர்த்தைத் தூக்க வேண்டும் என்பார்கள், பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். புதுக் கதையாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் யார் மாமா, யார் மச்சான் என்று முதலிலிருந்து தேட வேண்டும். படித்த கதையில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உள்ளே போய்விடலாம். முதல் வாசிப்பில் கதையைத் துரத்திக்கொண்டு ஓடும்போது கவனிக்காமல் விட்ட தெருப்பெயரும் சாப்பாடும் அப்போதுதான் கண்ணில் படும்.

ஒரு மே மாதம் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தோடு காட்டுமன்னார்கோயில் போனேன். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்த ஏரிதான் இன்றைய வீராணம். கரையில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் படிப்பதாகத் திட்டம். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்த மண்ணுக்கு நடுவே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆடியில் நடக்கிற கதையை மே மாதத்தில் தேடிப்போனது என் தப்பு. ஆனால் ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்கள் வழியாகவும் தண்ணீர் பாய்வதாகக் கல்கி எழுதியிருப்பது ஞாபகத்தில் இருந்ததால், அந்த வறண்ட கரையிலும் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி மதகு பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் இல்லாமல் போயிருந்தால் ஒரு போட்டோ எடுத்துவிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

சரி, பினாங்குக்கு வருகிறேன்.

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். என்கிற மின்சார விரைவு ரயிலில் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே செம்பனைத் தோட்டம், அப்புறம் மறுபடியும் செம்பனைத் தோட்டம். ஈப்போ பக்கம் சுண்ணாம்புக்கல் குன்றுகள் வரும். தைப்பிங் தாண்டினால் புக்கிட் மேரா ஏரியின் குறுக்கே ரயில் போகும். இரண்டு பக்கமும் தண்ணீர். அந்த இரண்டு இடத்திலும் புத்தகத்தை மூடிவிடுங்கள். மற்றபடி படிக்கத் தோதான ரயில்.

நான் எடுத்துப்போனது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. கல்லூரி முடித்த வருஷம் படித்தது. சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். பதினெட்டு வயது வாக்கில் சுமத்ராவிலுள்ள மெடானுக்கு வேலைக்குப் போனவர். யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் நெடுங்காலம் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல்கள். இது 1972-இல்தான் புத்தகமாக வந்தது. இரண்டாம் உலகப் போர் காலத்து மெடான், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், நடுநடுவே கதாநாயகன் பாண்டியனின் நினைவில் வருகிற மதுரைத் தெருக்கள் என்று கதை ஊர் ஊராகத் தாவும். முதல் தடவை எனக்குப் பாதி புரியவில்லை. மலாய், டச்சு, செட்டிநாட்டுக் கடைப் பேச்சு, சங்கப் பாட்டைக் கிண்டலடிக்கிற குடிமேசைப் பேச்சு எல்லாம் கலந்து வரும். பொறுமை இழந்து சண்டைப் பகுதிகளுக்கு ஓடியது ஞாபகம் இருக்கிறது.

பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்து நடந்தே ஃபெரித் துறைக்குப் போய்விடலாம்.  கடலில் கால் மணி நேரம்கூட முழுசாக ஆகாது. அந்தக் கால் மணி நேரத்துக்கென்றே புயல் வருகிற பக்கங்களில் போர்டிங் பாஸைச் செருகி வைத்திருந்தேன். நாவலில் பாண்டியனும் மற்றவர்களும் சுமத்ராவிலிருந்து பினாங்குக்கு வருவது தொங்கானில். சரக்கேற்றுகிற மரக்கலம் அது. புயலில் தொங்கான் எழும்பி விழும்போது சிங்காரத்தின் வாக்கியமும் கூடவே எழும்பி விழும். நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியோ அசையக்கூட இல்லை. கடல், தட்டில் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது.

பக்கத்தில் பெரியவர் ஒருவர், கையில் காய்கறிப் பையோடு. கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தமிழ்ப் புத்தகமா தம்பி? ஊர்லேருந்து வர்றீங்களா?”

“ஆமாங்கய்யா, மதுரைப் பக்கம்.”

“பினாங்கு வருதா இதுல?”

“நிறைய வருதுங்க. செட்டியார் கடைங்க இருந்த காலத்துக் கதை.”

“அந்தத் தெருவுல இப்போ சேலைக்கடையும் பாட்டுச் சத்தமும்தான்” என்றார். பிறகு கரை வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

அவர் சொன்னது சரிதான். பினாங்கு தெருவும் மார்க்கெட் தெருவும் சேர்கிற பகுதி இப்போது லிட்டில் இந்தியா. பூக்கடை, மசாலாக்கடை, ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. செட்டியார்களின் வட்டிக்கடைக் காலத்தில் கடைக்காரர்கள் நீளமான ஒரே கூடத்தில் ஆளுக்கொரு கைப்பெட்டியோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மேலாள், அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். ஊரில் கணக்குப் பேசி, பொதுவாக மூன்று வருஷத் தவணைக்கு வருவார்கள். முதல் வாசிப்பில் ‘அடுத்தாள்’ என்ற சொல்லைப் பக்கத்து ஆள் என்றே நினைத்துத் தாண்டியிருக்கிறேன். முதலாளியின் ஏஜெண்டான மேலாளுக்கு அடுத்த பதவி அது என்று இந்தத் தடவைதான் உறைத்தது. நகரத்தார் கோயில் வீடு இன்னும் பினாங்கு தெருவில் இருக்கிறது; தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்கிருந்துதான் தண்ணீர்மலை முருகனிடம் புறப்படும். எதிர்ப்பக்கம் நிழலில் நின்று, ஊர்க் கடிதம் வராத பையன்களைப் பற்றிய பக்கங்களைத் தேடினேன். கிடைக்கவில்லை. அப்படிப் பக்கங்களே இல்லையோ, நானாகக் கற்பனை செய்துகொண்டேனோ.

மத்தியானம் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித்தண்டு போட்டு இரு பக்கமும் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டு விற்ற சாப்பாடு. அந்தத் தண்டுதான் கண்டார். இரண்டு மூன்று குழம்பை ஒன்றாக ஊற்றித் தருகிறார்கள். புத்தகத்தை மேஜையில் வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள். என் பிரதியில் மீன்குழம்புக் கறை பட்ட பக்கங்கள் நிரந்தரமாகிவிட்டன.

இதே கணக்கில் இன்னும் சிலவும் சொல்வேன். நாகர்கோவில் போகிறவர்கள் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை எடுத்துப்போகலாம், ஒல்லியான புத்தகம், பஸ்ஸுக்கும் ஆகும். மதுரையில் ஒரு ராத்திரி தங்கினால் ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’. ஒரு நாளில் நடக்கிற கதை, ஒரே மூச்சில் படிக்கலாம். குடும்பத்தோடு போகும்போது மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத்துக்கு அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. மலைப்பாதை பஸ்ஸில் எதுவும் வேண்டாம், வாந்திதான் வரும். போனில் படிக்கலாமே என்பார்கள். படிக்கலாம். ஆனால் வழி பார்க்கவும் அதே போன்தான், சார்ஜ் முதலில் தீர்வது படிக்கிறவனுக்குத்தான்.

நான் தங்கிய விடுதியின் வரவேற்பறையில் ஒரு மர அலமாரி இருந்தது. ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆங்கிலம், ஜெர்மன், கொரியன் எல்லாம் இருந்தன. தமிழ் ஒன்றுகூட இல்லை. பழக்கதோஷத்தில் இந்தத் தடவையும் ஒரு குண்டுப் புத்தகத்தைப் பையின் அடியில் திணித்து வந்திருந்தேன். அதை எடுத்துத் துடைத்து, முதுகு வெளியே தெரிகிற மாதிரி நடுத்தட்டில் வைத்தேன். பதிலுக்கு எதையும் எடுக்கவில்லை.