மூடியைக் கழற்றணுமா, வேண்டாமா?

ஜப்பானில் பல ஊர்களில் காலித் தண்ணீர் பாட்டிலைப் போடுவதற்கு முன் மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, அலசி, மிதித்து நசுக்க வேண்டும். ஜெர்மனியில் அதே மாதிரி செய்தால் 25 சென்ட் போச்சு. அங்கே காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால்தான் டெபாசிட் திரும்ப வரும். இயந்திரம் பார்ப்பது லேபிளில் உள்ள பார்கோடையும் பாட்டிலின் வடிவத்தையும்தான். நசுங்கியிருந்தாலோ லேபிள் கிழிந்திருந்தாலோ வாங்காமல் வெளியே தள்ளிவிடும். நசுக்கும் வேலையை உள்ளே அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டும் சரியான விதிதான். குப்பை விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, போட்ட பிறகு அந்தப் பொருள் எங்கே போகிறது என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக். மூடி பாலிஎதிலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். ஆலையில் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் கொட்டினால் பெட் மூழ்கும், மூடித் துண்டுகள் மிதக்கும். பிரிப்பது சுலபம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல், 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பான பாட்டில்களில் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது. அதை முறுக்கிப் பிய்க்காதீர்கள். ஆனால் பாட்டிலை அழுத்திக் கட்டும் இடத்தில் இறுக்கிய மூடி தொல்லை: உள்ளே காற்று அடைபட்டு நசுங்காது.

உண்மையான வில்லன் பி.வி.சி. (PVC) என்ற இன்னொரு பிளாஸ்டிக். அதுவும் பெட் மாதிரியே மூழ்கும், தண்ணீரில் பிரியாது. பெட்டை உருக்கும் 250 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். கொஞ்சம் கலந்தாலும் மொத்தமும் மஞ்சளடிக்கும்.

சாப்பாட்டுக் கழிவில் தென்கொரியா விதி முதலில் விசித்திரமாகத் தெரியும். முட்டை ஓடு, எலும்பு, சிப்பி ஓடு, வெங்காயத் தோல், பழக்கொட்டை எதுவும் உணவுக்கழிவில் சேராது. காசு கொடுத்து வாங்கும் பொதுக்குப்பைப் பையில்தான் போட வேண்டும். காரணம், அந்தக் கழிவில் கணிசமான பகுதி கால்நடைத் தீவனமாகப் போகிறது. 'விலங்கு தின்னுமா?' என்று கேட்டுக்கொண்டால் போதும் (மாவட்டத்துக்கு மாவட்டம் சிறு வித்தியாசம் உண்டு). பல அடுக்குமாடிகளில் குடியிருப்பவர் தன் மின்னட்டையைக் காட்டினால் தொட்டி திறந்து, எடைபோட்டு, எடைக்கேற்பக் கட்டணம் ஏற்றும். சாப்பாட்டுக் கழிவில் முக்கால்வாசி தண்ணீர் என்பதால், வடிகட்டியில் சிறிது நேரம் விட்டுப் பிழிந்தாலே பணம் மிச்சம்.

ஜெர்மனியில் அதே கழிவு உரமாகவோ எரிவாயுவாகவோ ஆகிறது. ஆகவே முட்டை ஓடு தாராளமாகப் போகலாம். 'மட்கும்' என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பையைத்தான் பல நகராட்சிகள் ஏற்பதில்லை. ஆலையில் கழிவு இருக்கும் சில வாரங்களில் அது முழுதாக மட்காது. சாதாரணப் பையிலிருந்து பிரித்தறியவும் முடியாது. அந்த அச்செழுத்து வாங்குபவரின் மனதிருப்திக்கு மட்டுமே.

கண்ணாடி பற்றிச் சுருக்கமாக: ஜெர்மனியில் வெள்ளை, பழுப்பு, பச்சை என மூன்று தொட்டி. நீல பாட்டில் பச்சையில் போகும். வேற்று நிறத்தைப் பச்சைதான் அதிகம் தாங்கும். பீங்கான் கோப்பையும் அடுப்புச்சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரமும் கூடவே கூடாது. உலையில் அவை உருகாமல் கல்லாகத் தங்கி, புது பாட்டில் அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

சிங்கப்பூரில் எல்லா மறுசுழற்சிப் பொருளுக்கும் ஒரே நீலத்தொட்டி. போடுபவருக்கு வசதி, பிரிப்பவருக்குத் தலைவலி: உள்ளே விழுவதில் சுமார் 40 சதவீதம் உதவாது. மிச்சம் வைத்த ஒரு குளிர்பான டப்பா கவிழ்ந்தால் அடியிலுள்ள காகிதமெல்லாம் ஊறிப்போகும். பீட்சா பெட்டியும் இதே கதை. காகிதக் கூழ் தண்ணீரில் கரைத்துச் செய்வது, எண்ணெய் அதில் போகாது. சுத்தமாக இருக்கும் மேல்மூடியைக் கிழித்துத் தொட்டியில் போடுங்கள். எண்ணெய் இறங்கிய அடிப்பாகம் சாதாரணக் குப்பைக்குப் போகட்டும்.