யூஎம் கிளைம்: அம்மாவின் கைக்குக் கிடைத்தது, கிரைண்டருக்குக் கிடைக்காதது

கலிபோர்னியா, ஃப்ரீமான்ட், மௌரி அவென்யூ. சிவப்பு விழுந்து நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னாலிருந்து ஒரு பிக்கப் டிரக் இடித்தது. பின் சீட்டில் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா. டிக்கியில், ஊருக்குத் திரும்பும் ஒரு குடும்பத்திடம் அன்று காலைதான் வாங்கிய டில்டிங் வெட் கிரைண்டர். அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது, கிரைண்டர் டிரம் நசுங்கியது, காரின் பின்பக்கம் அப்பளம். தப்பு யார் மேல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, போலீஸ் ரிப்போர்ட்டும் அப்படியேதான் வந்தது. ஆகவே விபத்தை இதோடு விட்டுவிடுகிறேன். வினை அதற்கப்புறம்தான்.

இடித்த பையன் இன்சூரன்ஸ் கார்டு காட்டினான். கம்பெனி பெயர், பாலிசி நம்பர், முடியும் தேதி எல்லாம் சரியாகவே இருந்தன. போட்டோ எடுத்துக்கொண்டேன். கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஐந்நூறு டாலர் கேஷாகத் தருகிறேன், இதோடு முடித்துக்கொள்ளலாமா என்றான். அப்போதே எனக்குக் கொஞ்சம் உறைத்தது. வாங்கவில்லை. நீங்களும் வாங்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இடித்தவரோடு நம் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் சமரசம் செய்துகொண்டால் கலிபோர்னியாவில் யூஎம் கிளைமையே, அதாவது இடித்தவரிடம் இன்சூரன்ஸ் இல்லாதபோது நம் பாலிசியிலேயே கேட்கும் தொகையையே, மறுக்கலாம். ஐந்நூறு டாலருக்கு ஆசைப்பட்டு மொத்தத்தையும் இழக்கலாம் என்று அர்த்தம்.

சில வாரம் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து போன்: தவணை கட்டாததால் பாலிசி விபத்துக்கு முன்பே ரத்து. கார்டை மொத்த காலத்துக்கும் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பணம் கட்டுவதை நிறுத்தினாலும் கார்டு பர்ஸில் பத்திரமாக இருக்கும். கார்டு இருக்கிறது, போட்டோ இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இன்சூரன்ஸ் ரிசர்ச் கவுன்சில் 2019-க்குப் போட்ட மதிப்பீட்டில் கலிபோர்னியாவில் 16.6 சதவீத ஓட்டுநர்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை, கிட்டத்தட்ட ஆறில் ஒருவர்.

சரி, நம் பாலிசியில்தான் அன்இன்சூர்டு மோட்டரிஸ்ட் (யூஎம்) கவரேஜ் இருக்கிறதே என்று என் கம்பெனியைக் கூப்பிட்டால், அவனுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கொடு என்றார்கள். அவன் கம்பெனியோ, நீங்கள் எங்கள் கஸ்டமர் இல்லை, கடிதமெல்லாம் தர முடியாது என்றது. உள்ளூரில் இருந்த அவர்களுடைய ஏஜென்ட் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கே இருந்த அம்மணி கம்ப்யூட்டரைப் பார்த்து, திரையை என் பக்கம் திரும்பாமல் கவனமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, கம்பெனியின் பொது 800 நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தார். வீண் அலைச்சல். கடைசியில், என் கம்பெனியில் கிளைமைக் கவனிக்கும் அட்ஜஸ்டரே அவர்களிடம் கேட்டு மறுப்புக் கடிதம் வாங்கினார். முதல் நாளே அவர் செய்திருக்கக்கூடிய வேலை. கம்பெனியே இருந்தும் கவரேஜை மறுத்துவிட்டால், சட்டப்படி அதுவும் இன்சூரன்ஸ் இல்லாத வண்டிதான். இதை அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது: ஒருவருக்காவது அடிபட்டிருந்தாலோ, சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ 10 நாளுக்குள் மாநில வாகனத் துறையான டிஎம்விக்கு எஸ்ஆர்-1 படிவம் போக வேண்டும். போலீஸ் ரிப்போர்ட் இதற்கு ஈடாகாது. இடித்தவரின் இன்சூரன்ஸ் விவரத்தை டிஎம்வியிடம் கேட்க எஸ்ஆர்-19சி என்று தனிப் படிவம் இருக்கிறது.

இனி பணம். யூஎம் என்று பொதுவாகச் சொல்வது உடம்புக்கானது, அதாவது பாடிலி இன்ஜுரி. காருக்கான சேதத்துக்கு யூஎம்பிடி என்று தனிப் பிரிவு. என் கேம்ரி பழையது, தப்பு யார் மேல் இருந்தாலும் நம் கார் ரிப்பேருக்குத் தரும் கலிஷன் கவரேஜை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. யூஎம்பிடி மட்டும் இருந்தது. கலிபோர்னியாவில் அதன் உச்சவரம்பு 3,500 டாலர். ரிப்பேர் எஸ்டிமேட் 5,400. மிச்சம் என் தலையில். வாடகைக் கார்? கிடையாது. கிரைண்டர்? காருக்குள் இருந்த பொருளுக்குக் கிடையாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. நசுங்கிய டிரம்மை நாலு கோணத்தில் படம் எடுத்து அனுப்பியதுதான் மிச்சம். அவன்மேல் சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டில் போடலாமே என்றார் நண்பர். அதற்கும் நம் கம்பெனியைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதைவிட, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இன்சூரன்ஸ் தவணையே கட்டாதவன் தீர்ப்பு வந்ததும் கட்டிவிடுவானா?

கலிஷன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ரிப்பேர் கலிஷனில் போய்விடும், கலிஷன் டிடக்டிபிள் வெயிவர் வாங்கியிருந்தால், முதலில் நாம் போட வேண்டிய டிடக்டிபிள் தொகையும் நம் கையை விட்டுப் போகாது.

அம்மாவின் கை விஷயத்துக்கு வருகிறேன். நம் காரில் உட்கார்ந்திருந்தவர் என்பதே யூஎம்முக்குப் போதும். விசிட்டர் விசாவா, கிரீன் கார்டா, பாலிசியில் பெயர் இருக்கிறதா என்பதெல்லாம் பிரச்சினையே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு, இனி ஆகப்போகும் சிகிச்சை, போன சம்பளம், வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் இதில் வரும். இடித்தவன் குடித்திருந்தால் அதற்குத் தண்டனையாகக் கோர்ட் விதிக்கும் கூடுதல் தொகை மட்டும் வராது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை "டேக் கேர் ஆஃப் யுவர் மாம்" என்று மெயில் முடித்துக்கொண்டிருந்த என் கம்பெனி, கிளைம் யூஎம் பிரிவுக்கு மாறியதும் முகத்தை மாற்றிக்கொண்டது. புது அட்ஜஸ்டர். அம்மாவிடம் போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்து வாக்குமூலம் எடுத்தார். முன்பு எப்போதாவது கை வலித்திருக்கிறதா? ஊரில் தினமும் என்ன வேலை செய்வீர்கள்? எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? போனை வைத்ததும் அம்மா, "ஏன்டா, இடிச்சது அவன். பணம் கட்டுனது நீ. இவன் ஏன் என்னைய குறுக்கு விசாரணை பண்றான்?" என்றார். நியாயமான கேள்வி. யூஎம்மில் நம் கம்பெனி இடித்தவனுடைய இடத்தில் போய் உட்காருகிறது. அவன் எவ்வளவு தர வேண்டியிருக்குமோ அவ்வளவுதான் இவர்கள் தருவார்கள், அதையும் அவனுடைய வக்கீல் எப்படிக் குறைத்திருப்பாரோ அப்படிக் குறைக்கப் பார்ப்பார்கள். பிரீமியம் கட்டிய பாசமெல்லாம் அங்கே செல்லாது.

குறைத்த விதங்களைக் கேளுங்கள். என் பாலிசியில் மருத்துவச் செலவுக்கான மெட்பே 5,000 டாலர் இருந்தது, தப்பு யார் மேல் என்று பார்க்காமல் உடனே வந்தது, சந்தோஷம். பின்னால் யூஎம் கணக்கில் அதே 5,000-ஐக் கழித்துவிட்டார்கள். கழிக்கலாமாம், பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. அம்மாவுக்கு எடுத்திருந்த விசிட்டர் இன்சூரன்ஸ் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் என்று தொகை நிர்ணயித்த வகை, எமர்ஜென்சி பில்லுக்கு முன்னால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலைய நான் போட்ட லீவுக்கு ஒன்றும் இல்லை. ஊருக்குப் போனபின் கும்பகோணத்தில் எடுத்த பிசியோதெரபிக்கு ரசீது கேட்டார்கள். அந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு நோட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார், லெட்டர்பேடில் வாங்கி அனுப்பச் சொல்லித் தம்பியைத் திரும்ப ஓடவிட்டேன். பெற்றோர் ஊருக்குக் கிளம்பும் முன்பே, அங்கே ஆகும் ஒவ்வொரு செலவுக்கும் லெட்டர்பேட், தேதி, டாக்டர் பதிவு எண் மூன்றும் வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

அடுத்து சோஷியல் செக்யூரிட்டி நம்பர். அம்மாவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. அந்த வயதுக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் இருக்கிறாரா என்று கம்பெனி பார்த்தாக வேண்டும், அதற்கு நம்பர் வேண்டும், நம்பர் இல்லாமல் சிஸ்டம் நகராது. விசிட்டருக்கு ஏது நம்பர்? இதையே வெவ்வேறு ஆட்களிடம் திரும்பத் திரும்ப விளக்கினேன். மெடிகேர் பயனாளி இல்லை, நம்பரும் இல்லை என்று கையெழுத்திடும் படிவம் அவர்களிடமே இருந்தது. அதை யாராவது ஒருவர் முதலிலேயே நீட்டியிருக்கலாம்.

இதெல்லாம் முடிந்தும் அட்ஜஸ்டர் "ரிவ்யூவில் இருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவின் நியாயமான கிளைம் விதிகள்படி ஆதாரம் கைக்கு வந்த 40 நாளுக்குள் ஏற்கிறோம், மறுக்கிறோம் என்று ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும், நேரம் போதாவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், 30 நாளுக்கு ஒருமுறை நிலவரமும் சொல்ல வேண்டும். இதைக் கோபமில்லாமல் நாலு வரியில் மெயிலாக எழுதி, அடுத்து மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கப் போவதாகவும் சேர்த்தேன். மறுநாளே போன். தொகையோடு! முதல் தொகை ஆஸ்பத்திரி பில்லைத் தாண்டவில்லை. கட்டுப் போட்ட நாட்களில் அம்மாவால் தலை பின்னிக்கொள்ளக்கூட முடியவில்லை என்பதைப் படத்தோடும் டாக்டர் குறிப்போடும் அனுப்பியபின் ஏறியது. வக்கீல் வைத்திருந்தால் இன்னும் ஏறியிருக்கலாம், ஆனால் அவர்கள் வழக்கமாக எடுப்பது மூன்றில் ஒரு பங்கு. காயம் பெரிதென்றால் யோசிக்காமல் வக்கீலிடம் போய்விடுங்கள். தொகையில் ஒத்துவராவிட்டால் யூஎம் வழக்கு கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்க்கும் ஆர்பிட்ரேஷனுக்குப் போகும். அந்தக் கோரிக்கையை விபத்திலிருந்து 2 வருடத்துக்குள் முறைப்படி எழுத்தில் வைக்க வேண்டும். பேச்சுவார்த்தை இனிமையாகப் போகிறது என்று தேதியைக் கோட்டை விடாதீர்கள்.

ஹிட் அண்ட் ரன் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. இடித்துவிட்டு ஓடிய வண்டி நம் வண்டிமேல் பட்டிருக்க வேண்டும். 680 ஃப்ரீவேயில் ஒருவன் குறுக்கே புகுந்ததால் வண்டியை ஒடித்து டிவைடரில் மோதிய நண்பருக்கு, வண்டிகள் உரசவே இல்லை என்று யூஎம் மறுக்கப்பட்டது. 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும், 30 நாளுக்குள் கம்பெனிக்குச் சத்தியப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். பார்க்கிங்கில் நின்ற காரை யாரோ இடித்துவிட்டுப் போனால், ஆளோ நம்பர் பிளேட்டோ தெரியாமல் யூஎம்பிடி வராது.

இன்சூரன்ஸ் இருந்தும் போதாதவன் இடித்தால் வருவது அண்டர்இன்சூர்டு, அதுவும் நினைப்பது போல அவன் தொகைக்கு மேல் நம் முழுத் தொகையும் கூடுதலாக வருவது கிடையாது. அவன் பாலிசி 30,000, உங்களுடையது 100,000 என்றால் உங்கள் கம்பெனியிடம் அதிகபட்சம் 70,000. 2025 ஜனவரி 1 முதல் நம் தப்பால் அடிபடுபவருக்குத் தரும் லயபிலிட்டி கவரேஜின் குறைந்தபட்சம் ஒருவருக்கு 30,000, ஒரு விபத்துக்கு 60,000 என்று ஏறியிருக்கிறது. நீங்களும் அதே 30,000-தான் வைத்திருந்தால், அவனும் அவ்வளவே வைத்திருந்தால், கிடைப்பது பூஜ்யம். யூஎம்மை உங்கள் லயபிலிட்டி அளவுக்கே ஏற்றி வையுங்கள். நம் தப்பில்லாத விபத்துக்கு இங்கே பிரீமியம் ஏற்றக்கூடாது, அந்தப் பயத்தில் கிளைம் போடாமல் இருக்க வேண்டாம்.

கடைசிச் சிக்கல், செக் அம்மா பெயரில் வந்தது. அவருக்கு இங்கே பேங்க் அக்கவுண்ட் இல்லை, கும்பகோணம் கிளையிலோ டாலர் செக்கைத் தொடவே மாட்டோம் என்றார்கள். திருப்பி அனுப்பி, அம்மா அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தை ஸ்கேன் செய்து கொடுத்தபின் என் பெயரில் மாற்றித் தந்தார்கள். போன வாரம்தான் பணம் அக்கவுண்டில் ஏறியது. அதில் முதலில் போனது எமர்ஜென்சி டாக்டர் தனியாக அனுப்பியிருந்த பில், ஆஸ்பத்திரி பில்லில் அவர் அடக்கம் இல்லையாம்.