வேரில் நெய்த தொப்பிகள்

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறி ஹைடா குவாய் தீவுகளுக்குச் சென்றது, அங்குள்ள பூர்வகுடிகளான ஹைடா மக்கள் செதுக்கிய மரக்கம்பங்களைக் காண்பதற்காகத்தான். 2010 வரை குவீன் சார்லட் தீவுகள் என்று கனடிய வரைபடங்களில் குறிக்கப்பட்டிருந்த நிலம் அது. ஆனால் ஸ்கிடகெட் ஊரின் அருங்காட்சியகத்தில் கம்பங்களைவிட அதிக நேரம் என்னைப் பிடித்து நிறுத்தியவை, சடங்குகளில் தலைவர்கள் அணியும் அகன்ற விளிம்புத் தொப்பிகள்.

இவை சிட்கா ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் வேரால் ஆனவை. மணற்பாங்கான கடலோரத்தில் நேராக ஓடும் வேர்களைத் தோண்டியெடுத்து, நெருப்பில் வாட்டி, பிளந்த குச்சியின் இடுக்கில் இழுத்துப் பட்டையை உரித்து, பிறகு மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். உலர்ந்தால் வேர் ஒடியும் என்பதால் நனைத்து நனைத்தே பின்ன வேண்டும். அதே ஈரம் மழையிலும் உதவுகிறது. நீர்பட்டு வேர் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ள, தொப்பி ஒழுகுவதில்லை.

மரபுப்படி பின்னியவர்கள் பெண்கள். கறுப்பிலும் சிவப்பிலும் குலச்சின்னங்களைத் தீட்டியவர்கள் ஆண்கள். சின்னமாகும் விலங்கின் உடலைப் பிரித்து விரித்து, முகம் முன்புறத்திலும் வால் பின்புறத்திலும் வருமாறு தொப்பியைச் சுற்றி வரைவார்கள். சில தொப்பிகளின் உச்சியில் பின்னப்பட்ட வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். உரியவர் நடத்திய பாட்லாட்ச் எனும், பரிசுகளை வாரி வழங்கும் சடங்கு விருந்துகளை அவை குறிப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள்.

பார்வையாளர்கள் ஓவியத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ விளிம்புதான் பெரிதாகப்பட்டது. தலைப்பகுதியை வழவழப்பாகப் பின்னும் பெண், விளிம்புக்கு வந்ததும் ஊடையைச் சில பாவிழைகளுக்கு மேல் தாவவிட்டு, ஒரே நிறத்திலேயே சாய்சதுரங்களைப் புடைக்கச் செய்கிறாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஒழிய அது தெரியாது. வண்ணம் அதன்மேல் ஏறும்போது இரண்டு கலைகள் ஒரே பரப்பில் மோதுகின்றன. அந்த மோதலில் நான் பின்னியவரின் பக்கம்.

இந்தக் கூட்டுழைப்புக்குப் பெயர்பெற்ற இணை இசபெல்லா எடென்ஷாவும் அவர் கணவர் சார்ல்ஸ் எடென்ஷாவும். மனைவி பின்ன, கணவர் தீட்டினார். உச்சியில் சிவப்பும் கறுப்புமாகப் பாதி பாதி பிரித்த நான்கு முனை நட்சத்திரத்தை வரைவது சார்ல்ஸின் வழக்கம். கணவரின் புகழ் உலக அருங்காட்சியகங்களை எட்டிய அளவுக்கு மனைவியின் புகழ் எட்டவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

பெரியம்மை ஊர்களையே காலியாக்கிய 19-ஆம் நூற்றாண்டிலேயே, 1885 முதல் பாட்லாட்சும் சட்டப்படி தடைசெய்யப்பட்டது; 1951 வரை அந்தத் தடை நீடித்தது. தொப்பி அணியும் சடங்கு தடைபட்டும் பின்னல் அறுந்துபோகவில்லை. இசபெல்லாவின் மகள் புளோரன்ஸ் டேவிட்சன் (1896–1993) தொடர்ந்து தொப்பிகள் பின்னினார்; அவருடைய பேரன் ராபர்ட் டேவிட்சன் அவற்றில் ஓவியம் தீட்டினார். இசபெல்லாவின் கொள்ளுப்பேத்தி இசபெல் ரோரிக்கும் ஸ்ப்ரூஸ் வேர்த் தொப்பிகளுக்காகவே அறியப்பட்டவர்.