பார்சலில் ‘கிஃப்ட்’ என்று எழுத விடாதீர்கள்

வெளிநாட்டுக் கடையில் ஆன்லைனில் வாங்குகிறவர்கள், பணம் கட்டிய கையோடு விற்கிறவருக்கு எழுதிவிடுங்கள்: ‘கிஃப்ட்’ என்று போடாதே, கொடுத்த விலையை அப்படியே போடு. இதனால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பள்ளத்தூர் வீட்டுப் பட்டாலையில் இருக்கும் ஜெர்மன் சுவர்க்கடிகாரம், ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்தது. அதன் ஸ்பிரிங் அறுந்துபோச்சு. காரைக்குடியில் கடிகாரம் பார்ப்பவர் அளவெடுத்துக் கொடுத்தார். ஜெர்மனியில் ஒரு கடையில் கிடைத்தது. சென்னை விமான நிலையம் வரை சுளுவாக வந்துவிட்டது.

அங்கே சுங்கத்தில் நின்றதுதான், நகரவில்லை. விற்றவர் நமக்கு நல்லது செய்வதாக நினைத்து ‘கிஃப்ட்’ என்று எழுதி, விலையையும் குறைத்துப் போட்டிருக்கிறார். ஐயாயிரம் ரூபாய் வரை அன்பளிப்புக்கு வரி கிடையாது என்று இன்னமும் ஊரில் சொல்கிறார்கள். 2019 டிசம்பரிலேயே அது போயாச்சு. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும்தான் விலக்கு. ஆக, விலைக்கு ஆதாரம் கொடு என்று கடிதம்.

அடுத்தது கே.ஒய்.சி., அதாவது வாங்கியவர் யாரென்று சரிபார்ப்பது. பார்சலில் எங்கள் குடும்ப இனிஷியல் மூன்றும் இருந்தது, ஆதாரில் ஒன்றுதான். பெயர் பொருந்தவில்லை என்று ஆதார் நகலைத் திருப்பிவிட்டார்கள். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் வரும்; ஆர்டர் போடும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். கூரியர் கிளைக்கு நேரில் போனால், “அதெல்லாம் சென்னையிலதான் ஆச்சி, எங்களுக்குப் பார்சல் வந்தாத்தான் தெரியும்” என்றார் அங்கிருந்த பையன். சென்னைக்குப் போன் போட்டால் கிளையில் கொடுக்கச் சொன்னார்கள். வெயிலில் அலைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் மெயில்தான் கைகொடுத்தது. விற்றவரிடம் திருத்தி வாங்கிய இன்வாய்ஸ், கார்டில் பணம் போன ஸ்டேட்மென்ட், இனிஷியல் விரிவாக உள்ள பாஸ்போர்ட் நகல், மூன்றையும் ஒரே மெயிலில் அனுப்பினேன். பார்சல் விடுபட்டது.

பில்லைப் பார்த்தால் வயிறு எரியும். சாமான் விலைக்கு மட்டுமா வரி? அனுப்பும் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் சுங்க வரி. அந்த வரியையும் கூட்டி, மொத்தத்துக்கு ஐ.ஜி.எஸ்.டி. என்கிற இறக்குமதி ஜி.எஸ்.டி. இதுவரை அரசாங்கத்துக்கு. நமக்காக வரியை முன்கூட்டிக் கட்டினோம் என்று கூரியர்காரர் தனிக் கட்டணம் போடுகிறார், அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. அதற்கும் கீழே கிடங்கு வாடகை! அதை நான் விடவில்லை. காகிதம் அனுப்பிய பிறகும் அவர்கள் சும்மா வைத்திருந்த நாட்களை, மெயில் தேதியோடு எடுத்துக்காட்டிக் கேட்டேன். அந்த வாடகையைத் தள்ளிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு மெத்தத் திருப்தி.

பார்சல் அங்கே கிடக்கும்போதே, சுங்க வரி கட்டுங்கள் என்று ஒரு லிங்க் போனுக்கு வந்தது. தொடாதீர்கள். சுங்கத்துறைக் கடிதமென்றால் அதில் டின் என்கிற ஆவண அடையாள எண் இருக்கும், சி.பி.ஐ.சி. (மத்திய மறைமுக வரி, சுங்க வாரியம்) தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். கூரியரிடம் பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்க இறக்குமதிப் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள்; எதற்கு எவ்வளவு போட்டார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.