டர்போ காரின் எடையைக் குறைத்த இரண்டு மாரிகாலங்கள்

என்னிடம் இருப்பது 1986ஆம் ஆண்டின் போர்ஷே 944 டர்போ. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் எங்கள் வீட்டோடு ஒட்டிய, சூடேற்றும் வசதியில்லாத ஒற்றைக் கராஜில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை அது நிற்கும். பனியை உருக்க வீதியில் உப்புத் தூவும் காலம் முழுவதும் அதை நான் வெளியே எடுப்பதில்லை. கடந்த இரண்டு மாரிகாலங்களை அந்தக் காரின் எடையைக் குறைப்பதற்கென்றே ஒதுக்கினேன். இதற்கென நான் வைத்திருந்தது இரண்டாயிரம் டொலர் மட்டுமே. அந்தத் தொகைக்குள் என்ன செய்ய முடிந்தது, எங்கே தவறினேன் என்பதை, இதே வேலையில் இறங்க எண்ணுபவர்களுக்காக எழுதுகிறேன்.

வேலையைத் தொடங்கியபோது, கார்களில் என்னைப் போலவே பற்றுள்ள நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணை, சிப்பை மாத்திப் பூஸ்டைக் கூட்டினால் அலுவல் முடிஞ்சுதுதானே? ஏன் சீற்றைக் கழட்டிக்கொண்டு நிக்கிறியள்?" நியாயமான கேள்விதான். எக்சோஸ்ட் வாயுவால் சுழலும் டர்போ, எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட்; எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிச் சிப்பை மாற்றினால் அதைக் கூட்டலாம். டர்போ பொருத்திய எஞ்சினில் குதிரைவலுவைக் கூட்டுவது, டர்போ இல்லாத எஞ்சினில் கூட்டுவதை விடப் பெரும்பாலும் மலிவு. ஆனால் அந்த மலிவான வலு எப்போது வந்து சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 944 டர்போவில் இருப்பது 2,479 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். அதன் 220 குதிரைவலுவும் 330 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் தாளில் அழகாக இருந்தாலும், டர்போவுக்கு இடம் கொடுப்பதற்காக சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் நெருக்கப்படும் அழுத்த விகிதத்தை 8க்கு 1 என்று தாழ்த்தி வைத்திருப்பதால், நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் கீழே அது சோர்ந்த எஞ்சினாகவே நடந்துகொள்ளும். பூஸ்டைக் கூட்டினாலும் அந்தச் சோர்வு மாறாது. மேலே கிடைக்கும் தள்ளல்தான் பெரிதாகும், கூடவே வெப்பமும் சிலிண்டர் தலையில் கசிவைத் தடுக்கும் காஸ்கெட் மீதான அழுத்தமும் பெரிதாகும். எடையோ டர்போ சுழன்றாலும் சுழலாவிட்டாலும் காரோடு இருக்கிறது. அதைக் குறைத்தால் பலன் முதல் கியரில் புறப்படும்போதும் கிடைக்கும், வளைவில் திரும்பும்போதும் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக பிறேக்கை மிதிக்கும்போதும் கிடைக்கும்.

பிறேக்கைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் காரை ஓட்டப் போகும் இடம் போமன்வில்லுக்கு வடக்கே இருக்கும் கனேடியன் ரயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க். 1961இல் திறக்கப்பட்டு, 1967இல் கனடாவின் முதல் ஃபோர்முலா 1 உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தை நடத்திய அந்த ஓடுகளத்தை எங்களில் பலர் இன்றும் மொஸ்போர்ட் என்றே அழைக்கிறோம். ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் நீளமும் பத்து வளைவுகளும் கொண்ட அந்தக் களத்தின் பின்பக்க நேர்ப்பாதை மேட்டில் ஏறிக்கொண்டே எட்டாம் வளைவுக்குப் போகிறது. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் காரிலிருந்து 90 கிலோவை எடுத்துவிட்டால், அந்த வேகத்திலிருந்து முழுவதும் நிற்கும்போது பிறேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 139 கிலோ ஜூல் குறைகிறது. ஒரு சுற்றில் ஒருமுறை என்றால் பெரிதல்ல. இருபது நிமிடம் ஓடும்போது பிறேக் திரவம் கொதிக்கிறதா இல்லையா என்பதை அது தீர்மானிக்கக்கூடும். பூஸ்டைக் கூட்டியிருந்தால் இதே இடத்தில் நிலைமை மோசமாகியிருக்கும், ஏனெனில் அதே பிறேக்கை நோக்கி இன்னும் வேகமாகப் போயிருப்பேன்.

போர்ஷே நிறுவனமே இந்த வழியில் நடந்து காட்டியிருக்கிறது. 944இன் வாரிசான 968இல், 1993 மொடலாக கிளப் ஸ்போர்ட் என்ற ஒரு வகையை வெளியிட்டார்கள். பின் இருக்கைகள், கதவுக் கண்ணாடிகளை ஏற்றி இறக்கும் மின்மோட்டார்கள், ஒலித்தடுப்புப் பொருட்களில் ஒரு பகுதி என்று பலவற்றைக் கழற்றியதால் எடை 1,370 கிலோவிலிருந்து 1,320 ஆகக் குறைந்தது. விலையும் சாதாரண 968ஐ விடக் குறைவாகவே இருந்தது. எஞ்சினில் அவர்கள் எதையும் மாற்றவில்லை. பணம் குறைவாக உள்ளவர் பின்பற்றத்தக்க முன்மாதிரி இதுவே என்று நான் கருதுகிறேன். 1986இல் ஜேர்மனியில் தொடங்கிய டர்போ கப் பந்தயத்துக்கான கார்களில் மக்னீசியத்தால் செய்த பாகங்களும் இருந்தன. அந்த வழி எங்களுக்கு உரியதல்ல.

முதல் வேலை நிறுப்பது. குப்பை கொண்டுபோய்க் கொட்டும் நிலையம் ஒன்றின் எடைமேடையில், அரைத் தாங்கி பெற்றோலுடன், நான் உள்ளே இல்லாமல் நிறுத்தேன்: 1,360 கிலோ. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால், கழற்றிய ஒவ்வொரு பொருளையும் குளியலறைத் தராசில் தனியாக நிறுத்து ஒரு கொப்பியில் எழுதினேன். திருகாணி அடங்கிய பைகளையும் நிறுத்தேன். இந்தக் கொப்பி இல்லாமல் தொடங்குபவர், எளிதாகக் கழலும் பொருளையெல்லாம் கழற்றிவிட்டு, உண்மையான பாரத்தை விட்டுவிடுவார் என்பது என் அனுபவம். ஒவ்வொரு வரியிலும் கிலோவுக்குப் பக்கத்தில் டொலரையும், அந்தப் பொருள் காரில் இருந்த இடத்தையும் எழுதினேன். கூரையில் இருக்கும் ஐந்து கிலோவும் தரையில் இருக்கும் ஐந்து கிலோவும் ஒன்றல்ல. பம்பருக்குள் இருக்கும் பாரம் கார் திரும்புவதை எதிர்க்கும் அளவுக்கு இருக்கைக்கு அடியில் இருக்கும் பாரம் எதிர்க்காது.

செலவே இல்லாமல் போனவை பல. மாற்றுச் சில்லு, ஜாக்கி, கருவிப்பை எல்லாம் சேர்ந்து 15 கிலோ. பின் இருக்கைகளும் அவற்றைச் சுற்றிய கம்பளமும் 11 கிலோ. முன்பு யாரோ பூட்டிய ஒலிபெருக்கிகளும் அம்பிளிஃபயரும் 6 கிலோ. 80 லீற்றர் கொள்ளும் தாங்கியை நிரப்பாமல் 30 லீற்றரோடு களத்துக்குப் போவதால் மட்டும் 37 கிலோ மிச்சமாகிறது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனாலும் இதைவிட மலிவான எடைக்குறைப்பு எதுவும் இல்லை.

காரின் தரையில் ஒட்டியிருக்கும் தார் விரிப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதிர்வொலியை அடக்குவதற்காகத் தொழிற்சாலையில் ஒட்டும் இந்தத் தாரை எடுக்க, வழக்கமாக உலர்பனிக்கட்டி வாங்கிப் பரப்பி, தார் உறைந்து நொறுங்கும் நிலைக்கு வந்ததும் தட்டி எடுப்பார்கள். எங்கள் ஊரில் சனவரி மாதம் அந்த வேலையைக் காசில்லாமல் செய்துவிடுகிறது. வெளியே மறை 22 பாகை என்று அறிவித்த ஒரு சனிக்கிழமை காலையில், முந்தைய இரவே கராஜின் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு, விடிந்ததும் போய்ச் சுத்தியலால் தட்டினேன். கண்ணாடி போல் வெடித்து, உள்ளங்கை அளவுத் துண்டுகளாகப் பெயர்ந்து வந்தது. உளியை வைத்து நெம்ப வேண்டியிருந்த இடங்கள் மிகச் சில. அங்கேயும் முனை மழுங்கிய பிளாஸ்டிக் உளியையே பயன்படுத்தினேன், ஏனென்றால் துருப்பிடிக்காதபடி நாகம் பூசிய தகட்டில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் பின்னர் துரு தொடங்கும். மூன்று மணி நேரத்தில் இரண்டு வாளி நிறைந்தது. பத்துக் கிலோ. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது.

காரின் தரை நடுவே நீளவாக்கில் மேடாக ஓடும் சுரங்கத்தின் மேலிருந்த தாரையும் உற்சாகத்தில் எடுத்தது தவறு. அதற்குக் கீழே எக்சோஸ்ட் குழாய் ஓடுகிறது. சூன் மாதத்தில் முதன்முறையாக ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டியபோது, கியர்த் தண்டுக்குப் பக்கத்திலிருந்த வெறும் தகட்டில் என் கால் பட்டுச் சுட்டது. அங்கே மெல்லிய அலுமினிய வெப்பத்தடுப்பு விரிப்பை ஒட்டி, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

குளிரூட்டியின் கம்ப்ரெசரையும் கண்டென்சரையும் எடுத்ததில் 14 கிலோ குறைந்தது. அதற்கு முன் உள்ளேயிருந்த வாயுவை உரிமம் பெற்றவரைக் கொண்டு உறிஞ்சி எடுக்கச் செய்தேன். அந்தக் காலத்து ஆர்-12 வாயு ஓசோன் படலத்தை அரிப்பது, அதைக் காற்றில் திறந்துவிடுவது குற்றம். முன்னால் நின்ற கண்டென்சர் போனதும் ரேடியேட்டருக்கும், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் காற்று தாராளமாகக் கிடைத்தது டர்போ காருக்கு இரட்டை ஆதாயம். ஹீட்டரைத் தொடவில்லை. முன்கண்ணாடியில் படியும் ஈரத்தை ஓட்ட அது வேண்டும்.

அடுத்து, விற்று வாங்கும் கட்டம். மின்சாரத்தால் நகரும் ஓட்டுநர் இருக்கையை விற்று, பழைய நார்க்கண்ணாடி (ஃபைபர்கிளாஸ்) இருக்கை ஒன்றை வாங்கியதில் 15 கிலோ. திறக்கும் கூரைத் தகட்டையும் அதன் மோட்டாரையும் விற்று, மெல்லிய நார்க்கண்ணாடித் தகட்டை ஒட்டியதில் 8 கிலோ, அதுவும் காரின் மிக உயரமான இடத்திலிருந்து. வட அமெரிக்க விதிகளுக்காகப் பம்பர்களுக்குப் பின்னால் வைத்த கனமான அதிர்வுறிஞ்சிகளுக்குப் பதிலாக அலுமினியக் குழாய்களைப் பூட்டியதில் 8 கிலோ. மெதுவான மோதலைக்கூட இனி உடலே தாங்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் செய்தேன். சிறிய பற்றரி 11 கிலோவையும், எளிய சைலன்சர் 9 கிலோவையும் குறைத்தன. சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கன்வேர்ட்டர் அப்படியே இருக்கிறது.

பணத்தை வீணாக்கியது பொனட்டில்தான். கரிநார் (கார்பன் ஃபைபர்) பொனட்டுக்கு 1,500 டொலருக்கு மேல் சொன்னார்கள்; அது குறைக்கப்போவது பத்துக் கிலோ அளவே. எனவே, இணையத்தில் ஒருவரிடம் 200 டொலருக்கு நார்க்கண்ணாடி பொனட் வாங்கினேன். விளிம்புகள் பொருந்தவில்லை, உட்புறத்தில் விறைப்புக் கொடுக்கும் சட்டமும் இல்லை. நெடுஞ்சாலையில் அதன் முன்முனை அலைவதைக் கண்ட அன்றே திரும்பி வந்து, பழைய இரும்புப் பொனட்டைப் பூட்டினேன். கண்ணுக்கு முன்னால் திறந்துகொள்ளக்கூடிய ஒரு பாகத்தில் சிக்கனம் பார்த்தது என் பிழை.

கழற்றலாம் என்று பலர் சொல்லியும் நான் கழற்றாதவற்றையும் குறிப்பிட வேண்டும். இந்தப் பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சினின் நடுக்கத்தை அடக்கும் சமன்தண்டுகளை எடுத்துவிட்டால் எடையும் குறையும், பராமரிக்க வேண்டிய ஒரு பட்டியும் குறையும். ஆனால் அந்த நடுக்கம் பொருத்துகளையும் தாங்கிகளையும் காலப்போக்கில் தளர்த்தும். டர்போவைச் சுற்றிய வெப்பக் கவசங்களையும், எஞ்சினை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் டர்போவுக்குக் குளிர்நீர் அனுப்பும் மின்பம்பையும், காற்றை வழிநடத்தும் அடித்தட்டையும் தொடவே கூடாது. கதவுகளுக்குள் இருக்கும் பக்கமோதல் சட்டங்களைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அதற்கு மாறாக, பின் இருக்கை இருந்த இடத்தில் கார் கவிழ்ந்தால் உள்ளிருப்பவரைக் காக்கும், குழாய்களாலான 17 கிலோ எடையுள்ள அரைக்கூண்டு ஒன்றைப் பூட்டினேன். களத்தில் ஓடும் காருக்கு அந்த எடை தேவையானது.

மொத்தமாகக் குறைத்தது 107 கிலோ, திருப்பிச் சேர்த்தது 17 கிலோவும் வெப்பவிரிப்பும். அதே எடைமேடை, அதே அரைத் தாங்கி பெற்றோல்: 1,270 கிலோ. ஒரு குதிரைவலு சுமக்கும் எடை 6.2 கிலோவிலிருந்து 5.8 ஆக இறங்கியது. பழைய எடையில் இதே விகிதத்தைப் பெற எஞ்சினில் இன்னும் 16 குதிரைவலு தேவைப்பட்டிருக்கும். வாங்கியவற்றுக்கு 1,850 டொலர், விற்றதில் வந்தது 670. நிகரச் செலவு 1,180, அதாவது கிலோவுக்கு 13 டொலர். பொனட்டில் போன இருநூறு இதில் சேராது.

செப்டெம்பரில் மொஸ்போர்ட்டுக்குப் போனபோது, முதன்மையான மாற்றத்தை நேர்ப்பாதையில் நான் உணரவில்லை. சரிவில் இறங்கிக்கொண்டே திரும்பும் இரண்டாம் வளைவில், முன்பு கார் வெளிப்பக்கம் சாய்ந்து, நிலைகொள்ள எடுத்துக்கொண்ட அந்த ஒரு கணம் சுருங்கியிருந்தது. மொஸ் வளைவிலிருந்து மேட்டில் ஏறி வெளியேறும்போது, டர்போ விழித்துக்கொள்ளும் முன்பே கார் நகரத் தொடங்கியிருந்தது. அன்று பின்னேரம் ஐந்தாவது முறை இறங்கியபோதும் பிறேக் மிதி காலையில் இருந்த உயரத்திலேயே நின்றது.

மிஞ்சியிருப்பது பின்புறத்துப் பெரிய கண்ணாடிக் கதவு. உயரத்திலும் கோடியிலும் இருக்கும் அந்தப் பாரத்தைப் பொலிகார்பனேற் என்ற இலகுவான பிளாஸ்டிக்கால் மாற்றலாம், ஆனால் அதன் விலை கொப்பியின் சராசரியைக் குலைத்துவிடும். இந்தக் கார்களில் வழக்கமாக நேர்வது போலவே என் கண்ணாடியும் சட்டத்திலிருந்து ஒரு மூலையில் பசை விட்டுப் பிரியத் தொடங்கியிருக்கிறது. வரும் மாரியில் அதைக் கழற்றி நிறுத்துப் பார்த்த பிறகு, ஒட்டுவதா மாற்றுவதா என்று முடிவு செய்வேன்.