ஆனையூருக்கு வந்தபின் சோறும் மனமும்

திருகோணமலையில் எங்கள் வீட்டில் மீன் இல்லாத சோறு அபூர்வம். 2006இல் சண்டை மூண்டதும் மன்னார் வழியாகப் படகேறி ராமேசுவரத்தில் இறங்கினோம். மண்டபம் அகதி முகாமில் பதிவு முடித்து மதுரை ஆனையூர் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். ரேஷன் அரிசிச் சோறு, ரசம், நடுவில் பசித்தால் தேத்தண்ணி. முட்டை, பால் என்று எது கிடைத்தாலும் பிள்ளைகளுக்குத்தான்.

கொஞ்ச காலத்தில் தூக்கம் போனது. பகல் பதினொரு மணிவாக்கில் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஷெல் விழப்போகிறது என்று மனம் கிடந்து அடிக்கும். ஊரை விட்டு வந்த கவலை, போகப்போகச் சரியாகும் என்றார்கள் எல்லாரும். முகாமுக்கு வெளியே இட்லிக்கடை வைத்திருந்த அக்காதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

மனநலப் பிரிவில் ஆலோசகரம்மா படகுக் கதையைக் கேட்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். "அதை நீங்க சொல்லணும்னு தோணுறப்ப சொல்லுங்கம்மா. நேத்து காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார். இரத்தமும் சோதிக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதைக்கூடத் தொடவில்லை.

ஒரு நோட்டில் சாப்பிட்டதையும் பக்கத்திலேயே மனநிலையையும் எழுதச் சொன்னார். எழுத எழுத விஷயம் தெளிவானது. காலையில் சாப்பிடாத நாட்களில்தான் அந்தப் பதினொரு மணிப் படபடப்பு அதிகம். இரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கினால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், கை நடுங்கும். போரைப் பார்த்த மனம் அந்தத் துடிப்பை ஆபத்து என்று படிக்கிறது. பயத்தில் துடிப்பு இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை எனக்குப் புரியவைத்ததுதான் அவர் செய்த பெரிய உதவி. உளச்சிகிச்சையும் சாப்பாடும் அங்கே ஒரே வேலையாகிவிட்டன.

இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். தேத்தண்ணியில் உள்ள டானின் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்பதால், சாப்பாட்டோடு குடிப்பதை விட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தேன். இட்லிக்கடை அக்கா ஆட்டுச் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, மிளகு போட்டு வறுத்துக் கொண்டுவருவார். இரத்தம் ஊற மதுரைக்காரர்கள் கொடுப்பது அதைத்தான், அதில் இரும்பு நிறையவே உண்டு. கரிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போய் மலிவாக நெத்திலி வாங்கப் பழகினேன். மீண்டும் மீன் கழுவ உட்கார்ந்த அன்று வாய்விட்டு அழுதேன். அதையும் நோட்டில் எழுதினேன்.

இரத்தம் ஏறியது, படபடப்பு குறைந்தது. ஆனால் இரவில் வந்த கெட்ட கனவு சாப்பாட்டால் போகவில்லை. அது மெல்ல விலகியது ஆலோசகரம்மாவிடம் உட்கார்ந்து படகையும் கரையில் விட்டுவந்தவர்களையும் பற்றிக் கதைத்த பிறகுதான்.

2017இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வை அப்புறம் அறிந்தேன். மனச்சோர்வு உள்ள 67 பேர், பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ உளச்சிகிச்சையோ எடுத்துவந்தவர்கள். 12 வாரம் உணவு ஆலோசனை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் தணிந்தது. பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் அது 8 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் நான் பட்டறிந்ததோடு ஒத்துப்போகிறது.

புதிதாக வந்து தூக்கம் கெட்டுக் கிடக்கும் பெண்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: இரத்தம் பார்த்தீர்களா, யாரிடமாவது மனம் விட்டுக் கதைத்தீர்களா? மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கினால் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை அது, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே கதைக்கலாம்.